பழைய ராணுவ ஜீப்: எஞ்சினைத் தொடுவதற்கு முன்

போன மாசியில் போடிப் பக்கத்திலிருந்து ஒரு மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப் லாரியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. பட்டாளத்து வண்டி. ஏலத்தில் எடுத்தவர் இப்போதைய உரிமையாளரின் தகப்பனார். பல வருடம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றியிருக்கிறது. அவர் காலமான பிறகு பதினொரு வருடம் தகரக் கொட்டகையில் கிடந்தது. வண்டியை இறக்கியதும் மகன் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, எஞ்சினை மட்டும் எழுப்பிக் குடுத்துருங்க. மத்ததை நான் மெல்லப் பாத்துக்கிறேன்."

இருபத்து மூன்று வருடமாகப் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டுகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் இதையேதான் சொல்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டியின் சத்தத்தை மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வரிசை ஆபத்தானது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எஞ்சினைப் பற்றி. சி.ஜே.3பி-யின் பானட் ஏன் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக நிற்கிறது தெரியுமா? உள்ளே இருக்கும் எஞ்சின்தான் காரணம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் 'கோ டெவில்' எஞ்சினை பார்னி ரூஸ் என்ற பொறியாளர் 60 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார். அதே 2,199 சிசி பிளாக்கில், உள்ளே இழுக்கும் வால்வை மட்டும் ஹெட்டுக்கு மேலே ஏற்றியதுதான் 'ஹரிக்கேன்'. புகை வெளியேறும் வால்வு பழையபடி பிளாக்கிலேயே இருக்கும். உயரம் கூடியது, அதனால் பானட்டும் ஏறியது. சக்தி 70-ஐத் தாண்டியது. அமெரிக்க ராணுவத்தின் எம்38ஏ1 ஜீப்பிலும் இதே எஞ்சின்தான்.

அழுத்த விகிதம் குறைவு என்பதால் பொறுமையான எஞ்சின். பதினொரு வருடம் தூங்கியதை எழுப்ப எனக்கு நான்கு நாள்தான் ஆனது. பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஆயிலை விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றினோம். எடுத்த எடுப்பில் செல்ஃப் அடித்திருந்தால் ரிங் ஒட்டியிருந்த சிலிண்டரில் கோடு விழுந்திருக்கும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) மேல் வால்வுக்கு 18 தௌ, கீழ் வால்வுக்கு 16 தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹெட்டைத் திறந்தால் கீழ் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த பிளாக்குகளில் வெடிப்பு வருவது அங்கேதான். ஹேண்டில் போடும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும்.

எஞ்சின் ஓடியது. அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துப்போகிறேன் என்று நின்றார் மகன். நான் அவரைக் கூப்பிட்டு ஓட்டுநர் காலடியில் இருக்கும் சின்ன இரும்புத் தட்டைக் கழற்றச் சொன்னேன். அந்தத் தட்டுக்குக் கீழே சேஸியில்தான் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. பானட்டைத் திறந்தால் கண்ணில் படாது. அதனாலேயே வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. தட்டை எடுத்ததும் உள்ளே செம்மண். மூடியைத் திறந்தால் கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ ஒன்று. யாரோ அவசரத்துக்கு பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலியத்தில் செய்த ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊறிப் பெருத்துவிடும். ஒரு கப்பை விரலில் எடுத்துக் காட்டினேன், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். எங்காவது ஓர் இடத்தில் ஹோஸ் வெடித்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். சரி, கை பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. அந்த ஷாஃப்ட்டின் கிராஸ் (மடங்கிச் சுற்றும் இணைப்பு) உடைந்தால் கை பிரேக்கும் கிடையாது. இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது: கை பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், அந்தச் சக்கரம் சும்மா சுற்றும். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரென்ஷியல் வழியாக மறுபக்கச் சக்கரமும் விடுபட்டுவிடும். சரிவில் நிற்கும் வண்டி அப்படியே உருளும், அடியில் ஆள் இருந்தால் மேலே ஏறும். அதனால் ஜாக்கிக்கு முன் முன்சக்கரம் இரண்டுக்கும் கட்டை கொடுங்கள்.

அப்புறம் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது. பட்டறைகளில் பையன்கள் முதலில் செய்வது ஏர் பைப்பை எடுத்து உள்ளே இருக்கும் தூசியை ஊதுவதுதான். நானும் இளவயதில் ஊதியவன்தான். அந்தக் காலத்து பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். இப்போது என் பட்டறையில் ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறோம். நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித்தான் போடுவோம். பத்து ரூபாய்ச் செலவு.

மகன் அழகுக்காகப் பழைய சந்தையில் நான்கு ராணுவ ரிம் வாங்கி வந்திருந்தார். இரண்டு துண்டாக, நட்டுப் போட்டு இணைத்த ரிம். டயர் மாட்டியே வந்தது, காற்றும் இருந்தது. ரிம்மைச் சுத்தம் செய்யலாம் என்று என்னிடம் வேலை பழகும் பையன் வெளிவட்டத்து நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். நடுவில் இருக்கும் ஐந்து நட்டு சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது, வெளிவட்டத்தில் இருப்பவை ரிம்மின் இரண்டு பாதியையும் பிடிப்பவை. காற்று இருக்கும்போது வெளி நட்டைக் கழற்றினால் பாதி ரிம் குண்டு மாதிரிப் பாயும். வால்வு ஊசியை முதலில் பிடுங்கி, கடைசி மூச்சுவரை காற்றை விட்ட பிறகுதான் அந்த நட்டுகளைத் தொட வேண்டும். இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை என்பதையும் நினைவில் வையுங்கள். தெரியாமல் நீளக் குழாய் மாட்டி மிதித்து ஸ்டட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் பலர்.

பெட்ரோலுக்கு வருகிறேன். இந்த வண்டியில் டேங்க் முன் இருக்கைக்கு அடியில். பெட்ரோல் மேல்தான் உட்கார்ந்து ஓட்டுகிறோம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபதுகளின் ரப்பர் ஹோஸும் கார்க் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் ரப்பரைத் தின்னும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும், நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கும். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே ஆயில் சம்ப்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் கிடைக்கின்றன. டேங்கைக் கழுவி, மொத்த லைனையும் மாற்றுங்கள்.

கடைசியாக ஆர்.சி. புக். ராணுவப் பட்டறைகளில் பழுதான எஞ்சினை இறக்கிவிட்டுத் தயாராக இருக்கும் வேறொன்றை ஏற்றுவது வழக்கம். அதனால் பிளாக்கில் இருக்கும் எண்ணும் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாத வண்டிகள் நிறைய. வாங்கும் முன் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் அருகே பெயின்டைத் தின்னரால் துடைத்துப் படியுங்கள். கிரைண்டர் போடாதீர்கள். அழிந்த எண் உங்களைத் திருட்டு வண்டி வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். மைலேஜுக்காக வேறு டீசல் எஞ்சினை மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த 'விஏ' என்ற பழம்பெரும் (விண்டேஜ்) வண்டிப் பதிவும் எஞ்சின், சேஸி, பாடி அசலாக இருந்தால்தான். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது. தோட்டத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் சாதாரண வழிதான்.

போடிக்காரர் வண்டியில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் ஒத்துப்போகவில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, தகப்பனாரின் பழைய ஏலச் சீட்டோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். அதுவரை ஜீப் என் பட்டறையில்தான் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் மகன் வருகிறார். வந்ததும் சாவியைக் கேட்பதில்லை. ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு, காலடித் தட்டைக் கழற்றி, பிரேக் ஆயிலை எட்டிப் பார்க்கிறார்.