பூச்சி போய்விட்டது, வயிறு ஏன் அடங்கவில்லை?

வயிற்றுக் கோளாறு என்று வருகிற பலர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உள்ளே பழைய மோஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டுகள். ஏதோ ஒன்றில் 'அமீபா சிஸ்ட்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். "மாத்திரை சாப்பிட்டா போகுது டாக்டர், ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடுது." அமீபாவுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை எத்தனை கோர்ஸ் முடித்தோம் என்று அவர்களுக்கே கணக்கு இருக்காது.

முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பார்ப்போம். சீதபேதியை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவும், ஒரு தீங்கும் செய்யாத என்டமீபா டிஸ்பாரும் நுண்ணோக்கியில் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய ஆன்டிஜென் அல்லது பிசிஆர் பரிசோதனை வேண்டும். ஜியார்டியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி இதற்கு நேர்மாறு: உள்ளே இருந்தாலும் தினமும் மலத்தில் வராது. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் 3 மாதிரி கேட்கிறோம். பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிர் ஆரோக்கியமானவர்கள் குடலிலும் சகஜமாக இருக்கும். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, கிருமி உண்மையாகவே இருந்தது, மருந்தில் போயும் விட்டது. அப்புறமும் வயிறு பிசைகிறதே?

நார்வேயின் பெர்கன் நகரில் 2004இல் குடிநீரில் ஜியார்டியா கலந்தது. பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் 1,200 பேருக்கு மேல். அவர்களை ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 3 ஆண்டு கழித்துக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய்க்கான அறிகுறிகள் (அடிக்கடி வயிற்று வலி, கூடவே பேதியோ மலச்சிக்கலோ) இருந்தன. தொற்று வராதவர்களில் அது 14 சதவீதம்தான். 10 ஆண்டு கழித்தும் இந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி குடலின் நோய் எதிர்ப்புச் செல்களிடம் இருக்கிறது. குடல் சவ்வில் மாஸ்ட் செல்கள் உண்டு. கிருமி வந்தால் ஹிஸ்டமின் போன்ற பொருட்களைக் கொட்டி அதை வெளியே தள்ளப் பார்க்கும். ஐபிஎஸ் நோயாளிகள் பலரிடம் கிருமி இல்லாதபோதும் இந்தச் செல்கள் நரம்பு நுனிகளை ஒட்டி விழிப்பாகவே நிற்கின்றன. சாதாரண வாயு நகர்வதைக்கூட அந்த நரம்புகள் வலி என்றே மூளைக்குச் சொல்கின்றன. வலி நிஜம். "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2021இல் இன்னொரு படி போனது. குடல் தொற்று இருக்கும்போது எலிகளுக்கு முட்டைப் புரதம் கொடுத்தார்கள். தொற்று ஆறிய பிறகும் அதே புரதம் வந்தால் குடல் மட்டும் ஒவ்வாமை காட்டியது. ஐபிஎஸ் நோயாளிகள் 12 பேரின் குடல் சவ்வில் கோதுமை, சோயா, பால் போன்றவற்றின் சாற்றை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள்; 12 பேருக்கும் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. சிறிய ஆய்வுதான். இதை நம்பி நாளையே சப்பாத்தியையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டாம்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று மெட்ரோனிடசோலை அடுக்கடுக்காகப் போடுவதைத்தான் நான் கடுமையாகத் தடுப்பேன். நீண்ட நாள் போனால் பாதம் மரத்துப் போகலாம். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் புழுக்களுக்கானது. ஒரு வேளை போட்டு அமீபா போகாது.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு, இதில் எது இருந்தாலும் ஐபிஎஸ் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு உணவுத் திருத்தம், இசப்கோல், தேவைப்பட்டால் இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின். இந்த மாத்திரையை இணையத்தில் தேடி, 'மனச்சோர்வு மருந்து' என்று படித்துவிட்டு மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்தக் குறைந்த அளவில் கொடுப்பது குடல் நரம்பை அமைதிப்படுத்தத்தான். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். வாய் உலர்ந்தாலோ, காலையில் தூக்கக் கலக்கம் இருந்தாலோ, நிறுத்துவதற்கு முன் ஒரு போன் செய்து கேளுங்கள்.