ரீப்பரை அடிக்கணக்கில் வாங்கினால் போதாது, அளந்தும் பாருங்கள்

ஓட்டு வீடு கட்டுபவர்கள் ஓட்டைத் தட்டி ஓசை கேட்டு வாங்குகிறார்கள். கூரைச் சரிவில் இறங்கும் கைமரத்துக்கு எந்த மரம் நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கைமரங்களின் குறுக்கே அடித்து, ஓட்டை நேரடியாகத் தாங்கப்போகும் மெல்லிய சட்டமான ரீப்பருக்கு மட்டும் "எத்தனை அடி வேணும்?" என்ற ஒரே கேள்விதான். நாகர்கோவில் பக்கம் பழைய கூரைகளைப் பிரித்து மேயும் வேலைகளில் நான் பார்த்தவரை, கூரை அலை அலையாக உட்கார்ந்திருந்தால் கைமரத்தையும் உத்திரத்தையும் விட இந்த 'இரண்டுக்கு ஒன்று' (இரண்டு இஞ்ச் அகலம், ஒரு இஞ்ச் கனம்) சட்டத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மங்களூர் ஓட்டுக்கு ரீப்பர் இடைவெளி சுமார் 12½ இஞ்ச். ஆயிரம் சதுர அடி கூரைச் சரிவுக்கு 950 அடிக்கு மேல் ரீப்பர் ஓடும். அதன்மேல் 1,400 ஓடாவது உட்காரும். ஓர் ஓடு 2½ கிலோ என்றாலும் மொத்தம் மூன்றரை டன். மழையில் ஊறினால் இன்னும் கூடும். ஓடு மாற்ற ஏறுகிறவரின் எடை தனி.

கடையில் 'இரண்டுக்கு ஒன்று' என்று விற்பதை டேப் வைத்து அளந்தால் பல சமயம் ஒன்றேமுக்காலுக்கு முக்கால்தான் இருக்கும். அறுப்பில் போனது கால் இஞ்ச்தானே என்று விட்டுவிடக் கூடாது. சட்டத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு இஞ்ச் முக்கால் இஞ்சானால் விறைப்பு 42 சதவீதமாக இறங்கிவிடும். அகலத்தில் குறைந்ததையும் சேர்த்தால் மிஞ்சுவது சுமார் 37 சதவீதம். கைமர இடைவெளி இரண்டடி என்று போட்டுவிட்டு இந்த ரீப்பரை அடித்தால் சில வருடங்களில் தொய்யத்தான் செய்யும். ஆகவே லாரியிலிருந்து இறக்கும்போதே பத்துச் சட்டத்தை எடுத்து அளந்துவிடுங்கள். குறைவாக இருந்தால் அப்போதே திருப்பி அனுப்பலாம். அடித்த பிறகு யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

அடுத்தது வெள்ளை, அதாவது தடியின் வெளிப்பக்கத்து வெளிறிய மரம். தடியை அறுக்கும்போது நடுவைரம் கதவு நிலைக்கும் கைமரத்துக்கும் போய்விடும். ஓரத்தில் மிஞ்சுவதுதான் பெரும்பாலும் ரீப்பராகிறது. அதனால் ரீப்பரில் வெள்ளை அதிகம் இருக்கும். வெள்ளையில் மாவுச்சத்து உண்டு. மரத்தை மாவாக அரிக்கும் தூள் வண்டு தேடி வருவது அதைத்தான். தேக்கு என்று சொல்லிக் கொடுத்தாலும் வெள்ளைப் பகுதிக்குத் தேக்கின் குணம் கிடையாது. பனையில் நேர்மாறு: வெளிப்பக்கம் இரும்புபோல இருக்கும், நடுப்பகுதி வெறும் நார். கறுப்பு வரி நெருக்கமாக ஓடும் பனஞ்சட்டம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். எங்கள் ஊரில் தாத்தா காலத்துப் பனஞ்சட்டத்தைக் கழுவி மறுபடி அடித்த கூரைகள் இன்றும் நன்றாக இருக்கின்றன.

பச்சை மரத்தை அடிக்காதீர்கள். இரண்டு வரிசைக்கு நடுவே இடைக்கட்டை வைத்து நிழலில் அடுக்கினால் ஒரு இஞ்ச் கனச் சட்டம் கோடையில் ஓரிரு மாதத்தில் ஓரளவு காய்ந்துவிடும். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். பிறகு பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் முக்கி எடுப்பது நல்லது. அது மழையில் கரைந்து போகக்கூடியது என்பதால் கூரைக்குள், நனையாத இடத்துக்கு மட்டும் சரி. வெளியே நீளும் கூரையின் கீழ் ஓரமான இறவாணத்துக்கு, அழுத்த முறையில் மருந்து ஏற்றிய மரம் வாங்குங்கள். வெட்டிய முனைகளில் மருந்தை மறுபடி தடவ வேண்டும். இதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கரையானுக்கும் வண்டுக்கும் அந்த முனையே வாசல். வண்டி எஞ்சினில் வடித்த பழைய ஆயிலைப் பூசுவதை நான் எந்த வேலையிலும் அனுமதிப்பதில்லை. அது உள்ளே இறங்காது, நாற்றம் போகாது, தீப்பிடித்தால் ஆபத்து.

அடிக்கும் முறைக்கு வருகிறேன். 12½ இஞ்ச் என்று நான் சொன்னதைக் கேட்டு அப்படியே அடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு சூளை ஓட்டுக்கும் அளவு கொஞ்சம் மாறும். வந்திறங்கிய ஓட்டில் ஒரு டஜனை எடுத்துத் தரையில் கவிழ்த்து, ஒன்றோடொன்று கோர்த்து வரிசையாக வையுங்கள். நன்றாக இழுத்துவிட்டு ஒரு முறை, நெருக்கித் தள்ளி ஒரு முறை, முதல் ஓட்டின் மேல்விளிம்பிலிருந்து கடைசி ஓட்டின் மேல்விளிம்பு வரை அளவு எடுங்கள். இரண்டின் சராசரியை 11-ஆல் வகுத்தால் (12 ஓட்டுக்கு நடுவே 11 இடைவெளி) வருவதுதான் உங்கள் ரீப்பர் இடைவெளி. இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. இதைச் செய்யாத கூரையில் கடைசி வரிசை உச்சியில் கவிழ்க்கும் மோட்டோட்டுக்கு எட்டாமல் நிற்கும், அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைப்பார்கள், அது வெடித்து ஒழுகும்.

இறவாணத்தின் முதல் ரீப்பர் மற்றவற்றைவிட ஓர் ஓட்டுக் கனம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரிசை ஓடு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு ரீப்பர் சேரும் ஒட்டு கைமரத்தின் மேலேதான் விழ வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே கைமரத்தில் விழவும் கூடாது. முனையில் ஆணி அடித்தால் மரம் பிளக்கிறதா? ஆணியின் கூர்முனையை ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கூரான ஆணி நாரை இருபுறமும் விலக்கிப் பிளக்கும், மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். கடலோர வீடுகளுக்குத் துத்தநாகம் பூசிய ஆணியே வேண்டும்.

சுவருக்குப் பேனல் அடிக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. அங்கும் அடியில் இருப்பது இதே சட்டம்தான், அதனால் மரத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கும் பொருந்தும். ஆனால் முதல் கேள்வி வேறு: சுவரில் ஈரம் உண்டா? ஓதம் ஏறிய சுவரை மறைக்கவே பலர் பேனல் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்த ஓதத்தை இருட்டில் வளர்ப்பதுதான் அது. கசிவை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகே சட்டம் அடிக்க வேண்டும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் என்றால் சட்டங்களின் நடுவுக்கு நடு 16 இஞ்ச் வையுங்கள், இரண்டு பக்கமும் மிச்சமில்லாமல் பிரியும். குறுக்குச் சட்டங்களில் அங்கங்கே காடி வெட்டிவிட்டால் பின்னால் காற்று மேலே போகும். தரையிலிருந்து ஒரு இஞ்சாவது தூக்கி நிறுத்துங்கள். மின்கம்பி குழாய்க்குள்தான் போக வேண்டும், சட்டத்தின் மேல் நேராக ஓட்டக் கூடாது. ஒரு பலகையை மட்டும் பசையில்லாமல் திருகாணியில் மாட்டச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றி, டார்ச் அடித்து, சட்டத்தில் கரையானின் மண்கோடோ வண்டின் மாவுத்தூளோ இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.