புற்றுக்கட்டியின் அக்கம்பக்கம்

ஒரு புற்றுக்கட்டியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அதில் இருப்பதெல்லாம் புற்றுச் செல்கள் அல்ல. இழைகளை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், ரத்தக்குழாய்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் என்று பெரிய கூட்டமே இருக்கும். கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான்.

விசித்திரம் என்னவென்றால், இந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் பெரும்பாலும் பிறழ்வு இருப்பதில்லை. நடத்தை மட்டும் கெட்டிருக்கும். காயம் ஆறியதும் அடங்க வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட், கட்டிக்குப் பக்கத்தில் அடங்குவதே இல்லை. பிரித்தெடுத்துத் தட்டில் தனியாக வளர்த்தாலும் பழைய புத்தி போவதில்லை. சரி, அந்த நினைவு எங்கே பதிந்திருக்கிறது?

எபிஜெனெடிக் குறிகளில். செல்லுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. இறுகிய இடத்து மரபணு ஊமையாகிவிடும், தளர்ந்த இடத்தில் உள்ளது பேசும். டி.என்.ஏ. மீது ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியும் வாயை அடைக்கும். எழுத்து மாறுவதில்லை, படிக்கும் பக்கம்தான் மாறுகிறது.

ஃபைப்ரோபிளாஸ்டில் நடப்பதையே பாருங்கள். கட்டியின் சுற்றத்தில் உருவாகும் 'லிஃப்' என்ற புரதம் அதற்குள் ஒரு கட்டளைத் தொடரை முடுக்குகிறது. அதற்கு பிரேக் போடும் மரபணு ஒன்று உண்டு, பெயர் எஸ்.எச்.பி-1. அதன் மேல் மெத்தில் குறி விழுந்ததும் பிரேக் போய்விடுகிறது. அப்புறம் லிஃப் குறைந்தாலும் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கும். செல் சுருங்கி இழுத்து இழைகளை இறுக்க, புற்றுச் செல் நுழைய வழி திறக்கிறது.

எதிர்ப்புப் படையின் டி செல்லுக்கும் இதே கதிதான். நெடுநாள் போரிட்டுக் களைத்தவற்றில் குரோமாட்டினே, அதாவது ஹிஸ்டோனில் சுற்றிய டி.என்.ஏ. கட்டே, வேறு வடிவில் உறைந்துவிடுகிறது. டி செல்லை அடக்கும் பி.டி-1 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து சற்று உசுப்பிவிடும், ஆனால் அந்த வடிவத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. சினைப்பைப் புற்றிலோ, டி செல்களை அழைக்கும் சி.எக்ஸ்.சி.எல்-9, 10 என்ற மரபணுக்களையே புற்றுச் செல் மெத்தில் பூட்டுப் போட்டு மூடிவிடுகிறது. கூப்பிட ஆளில்லாமல் படை வெளியிலேயே நின்றுவிடும்.

பூட்டு என்றால் திறக்கவும் முடியும் அல்லவா? மெத்தில் குறியைக் குறைக்கும் அசாசிட்டிடின் 2004-லேயே அமெரிக்காவில், எலும்பு மஜ்ஜைக் கோளாறுக்காக அனுமதி பெற்றது. நம் மரபணுத்தொகையில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ் எச்சங்கள். இம்மருந்து அவற்றில் சிலவற்றை எழுப்பிவிட, செல் தன்னை வைரஸ் தாக்கியதாக நினைத்து அலறுகிறது, எதிர்ப்புப் படையும் திரும்பிப் பார்க்கிறது. எனக்குப் பிடித்த தந்திரம் இதுதான். சிக்கல், மருந்துக்கு முகவரி தெரியாது. புற்றுச் செல், ஃபைப்ரோபிளாஸ்ட், டி செல், மஜ்ஜை என எல்லா இடத்திலும் குறிகளை அழிக்கும். மஜ்ஜையும் அடிபடுவதால் ரத்த அணுக்கள் குறைகின்றன.