தெர்வார்: மண்வாசனையா, நிலவாகா?

ஒயின் தயாரிப்பாளர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு பிரெஞ்சுச் சொல் தவறாமல் வந்துவிடும்: தெர்வார். திராட்சை விளையும் இடத்தின் மண், சரிவு, தட்பவெப்பம், அங்கே பழகிய கை எல்லாம் சேர்ந்து ஒயினுக்குத் தரும் தனித்தன்மை அது. எங்கள் தெர்வாரை மதிக்கிறோம், தெர்வாரைக் கெடுக்காமல் புட்டிக்குள் கொண்டு வருகிறோம் என்பார்கள். இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் சட்டென்று நாக்கில் வருவது ‘மண்வாசனை’. அழகான சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது நம்மைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் உச்சரிப்பு. பிரெஞ்சின் தகரம் நம் தகரத்துக்கு நெருக்கமானது. எனவே எழுத்தைப் பார்த்து ‘டெர்ராயர்’ என்று எழுதுவதைவிட ‘தெர்வார்’ என்பதே காதுக்குச் சரி. லத்தீனில் ‘தெர்ரா’ என்றால் நிலம். அதிலிருந்து கிளைத்த ‘தெர்ரித்தோரியும்’ ஓர் ஊரின் எல்லைக்கு உட்பட்ட நிலப்பரப்பைக் குறித்தது. அது மக்கள் வாயில் திரிந்து பழைய பிரெஞ்சுக்குள் வந்ததுதான் இந்தச் சொல். அதாவது, பிறக்கும்போதே இது எல்லை கட்டிய நிலத்தைக் குறித்த சொல். வெறும் மண்ணுக்குப் பிரெஞ்சில் ‘சோல்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

இன்று பெருமையாகச் சொல்லப்படும் இந்தச் சொல் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு குறையாகவே இருந்தது. ஓர் ஒயினில் ‘தெர்வார் சுவை’ அடிக்கிறது என்றால் பக்குவமில்லாத பட்டிக்காட்டுச் சரக்கு என்று பொருள். மனிதர்களையும் அப்படிச் சொன்னார்கள். பாரிஸ் பிரபுக்களின் கூடத்தில் ஒருவரிடம் தெர்வார் வாடை வீசுகிறது என்றால், ஊர்ப்புறத்துப் பேச்சும் நடையும் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அந்தப் பழைய பொருளுக்கு ‘மண்வாசனை’ ஓரளவு பொருந்தும். பிரச்சினை என்னவென்றால், சொல் அங்கே நிற்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. விளைச்சல் குறைந்த இடத்தில் போலி ஒயின் புகுந்தது. எங்கோ விளைந்ததற்குப் புகழ்பெற்ற ஊரின் பெயரை ஒட்டி விற்றார்கள். 1905-இல் கலப்படத் தடுப்புச் சட்டம், 1919-இல் ஊர்ப்பெயருக்கான சட்டம், 1935-இல் இன்றும் நடப்பில் உள்ள பிறப்பிடப் பெயர் முறை என்று வரிசையாக வந்தன. ஓர் ஊரின் பெயரைச் சட்டம் காக்க வேண்டுமானால் அந்த ஊருக்கென்று ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த ‘ஏதோ ஒன்று’தான் தெர்வார் என்று ஆயிற்று. குறையாக இருந்த சொல் உரிமைப் பத்திரமாக மாறியது இப்படித்தான்.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பதைப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு சுவருக்குள் நின்று பார்க்கலாம். குளோ த வூஜோ என்ற தோட்டம். 1098-இல் தொடங்கிய சீத்தோ மடத்தின் சிஸ்டர்சியன் துறவியர் சிறுகச் சிறுகச் சேர்த்து, 14-ஆம் நூற்றாண்டில் சுற்றுச்சுவரை எழுப்பி முடித்தார்கள். ஏறத்தாழ 50 ஹெக்டேர். இன்று அதற்கு 80-க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். ஒவ்வொருவருக்கும் சில வரிசைக் கொடிகள். சட்டத்தின் கண்ணில் சுவருக்குள் இருப்பது அனைத்தும் ஒரே உச்சத் தரம், ஒரே பெயர். திராட்சையும் ஒரே வகை, பினோ நுவார்.

ஆனால் நிலம் சரிவானது. மேல்கோடியில் மாளிகையை ஒட்டி மண் அரை மீட்டர்கூட இல்லை. கீழே சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் நீர் நிற்காமல் இறங்கிவிடும். கீழ்க்கோடியில், சாலையோரத்தில், களிமண் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம். மழைக்குப் பிறகு அங்கே ஈரம் நாள்கணக்கில் நிற்கும். வசந்தத்தில் குளிர்காற்று சரிவில் வழிந்து இறங்கித் தாழ்வான இடத்தில்தான் தேங்கும்; இளந்துளிர் கருகும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். மேலே விளைந்த ஒயினும் கீழே விளைந்த ஒயினும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புட்டியைக் கையில் எடுத்ததும், உங்கள் வரிசைகள் சுவருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.

இந்த வேறுபாட்டின் சூட்சுமம் பெருமளவு தண்ணீரில் இருக்கிறது. வேருக்கு நீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். பழம் பருத்து நீர்த்துப்போகும். கோடையில் நீர் மெல்லக் குறைந்தால் துளிர்விடுவது நிற்கும், கொடி தன் சர்க்கரையைப் பழத்துக்கு அனுப்பும், பழம் சிறுத்துவிடும். சிறிய பழத்தில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடுதல். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன. பாறை சுவையைத் தரவில்லை; நீரைக் கட்டுப்படுத்துகிறது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான சரிவுகளில் பலகைக்கல் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடுவதும் இதே போன்ற வேலைதான்.

‘மண்வாசனை’ கெடுப்பது இந்த இடத்தைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் மண்ணின் மணம் வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் போய்விட்டது என்று மனம் படம் போட்டுக்கொள்கிறது. பர்கண்டியின் வடக்கே உள்ள ஷாப்ளியின் சுண்ணாம்பு மண்ணில் சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. அங்கே விளையும் ஒயினில் கடல்வாடையும் கல்லின் சுவையும் தெரிவது அதனால்தான் என்று நம்புகிறவர்கள் பலர். கொடி உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த கனிமச் சத்துகளையும் மட்டுமே. சிப்பி சிப்பியாக மேலே ஏறுவதில்லை. அந்தச் சுவையை நான் மறுக்கவில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்தைத்தான் மறுக்கிறேன். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: ஃபிலாக்செராவுக்குப் பிறகு ஐரோப்பியக் கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டியவை. மண்ணைத் தொடும் வேர் வெளிநாட்டு வழி வந்தது. ஆனாலும் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் உள்ள வேறுபாடு அழியவில்லை.

தெர்வாரில் மனிதக் கையும் சேர்த்திதான். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2010-இல் தந்த வரையறையில், சூழலுக்கும் விவசாய முறைக்கும் உள்ள உறவைப் பற்றிய கூட்டறிவு என்பதே நடுநாயகமாக இருக்கிறது. எந்தச் சரிவில் எந்த வகையை வைப்பது, கவாத்தில் எத்தனை மொட்டு விடுவது என்பதெல்லாம் தலைமுறைகள் பார்த்துப் பார்த்துத் தேறிய முடிவுகள். அறுவடை நெருங்கும்போது தோட்டக்காரர் பழத்தை வாயிலிட்டுத் தோலை மெல்லுவார், விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். விதை பச்சையாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பழுப்பேறிக் கடித்தால் நொறுங்கினால் நாள் வந்துவிட்டது.

ஆலைக்குள் வேலை பெரும்பாலும் அடக்கம். புலம் புலமாகப் பறித்ததைத் தனித்தனித் தொட்டியில் நொதிக்க விடுவார்கள், தோட்டத்திலும் ஆலையிலும் தானாக வாழும் ஈஸ்ட்டை நம்புவார்கள். மேலே மிதந்து கட்டும் தோலை அவ்வப்போது அமுக்கிவிடுவார்கள். ஒயினை முதிரவைக்கும் 228 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் புது மரத்தின் பங்கைக் குறைப்பார்கள். புது மரம் கூடினால் எந்தத் தோட்டத்து ஒயினும் வனிலா மணத்தில் ஒன்றுபோலாகிவிடும். பழத்தை அளவுக்கு மீறிக் கனியவிட்டாலும் அதே கதிதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பலருக்குத் திணை நினைவுக்கு வரும். நியாயமான நினைவு. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம்; அந்நிலத்தின் தொழிலைக் கருப்பொருளில் சேர்ப்பதும் நம் மரபு. சிந்தனை அளவில் இதைவிட நெருக்கமானது கிடைக்காது. ஆனால் அளவு ஒத்துவரவில்லை. மலையும் மலை சார்ந்த இடமும் முழுக்க ஒரே குறிஞ்சி. தெர்வாரோ நூறு அடி தள்ளினால் மாறிவிடும். இலக்கணத்தில் திணைக்கு வேறு சுமைகளும் உண்டு.

என் தேர்வு ‘நிலவாகு’. உடல்வாகு என்கிறோம், ஒருவருக்கு இயல்பாக அமைந்த கட்டு அது. கைக்கு வாகாக இருக்கிறது என்கிறோம். அங்கே பழகிய கையும் பொருளும் இசைந்துபோவதைச் சொல்கிறோம். வாகு என்ற ஒரு சொல்லுக்குள் பிறவி அமைப்பும் பழக்கத்தால் வந்த இசைவும் இரண்டுமே இருக்கின்றன. தெர்வாரும் அந்த இரண்டும்தான். ‘மண்வாகு’ என்று சொல்லத் தோன்றும். சரிவையும் குளிரையும் அது விட்டுவிடும். ‘இந்த ஒயினில் நிலவாகு தெரிகிறது’, ‘நிலவாகு அறிந்து கவாத்து செய்கிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடுக்காது.

தெர்வாரோடு கூடவே வரும் ‘கிளிமா’வையும் சொல்லிவிட வேண்டும். தட்பவெப்பத்துக்கான சொல்லைப் போலவே இருப்பதால் ‘காலநிலை’ என்று மொழிபெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: சரிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆனால் பர்கண்டியில் கிளிமா என்றால் பெயரும் எல்லையும் உள்ள ஒரு துண்டுத் திராட்சை நிலம். அப்படி 1,247 இருக்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இதற்கு நம்மிடம் ‘புலம்’ இருக்கிறது, நில அளவைக்காரர்கள் புல எண் என்று இன்றும் எழுதுகிற அதே புலம். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் ரொமானே-கோந்தி, 1.8 ஹெக்டேர் அளவுள்ள ஒரு புலம்.