கத்துகிற அலாரத்தின் வயரை வெட்டாதீர்கள்

"அந்த வயரை மட்டும் வெட்டி விட்டுடுங்க, போதும்." பழைய கார் வாங்கியவர்கள் என்னிடம் வந்ததும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நள்ளிரவில் மூன்று முறை எழுந்து ஓடி, பக்கத்து வீட்டார் முகத்தில் விழிக்கக் கூசி நிற்பவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் கார் எலக்ட்ரீஷியனாக அந்த வயரில் நான் சட்டென்று கை வைப்பதில்லை.

பின்னால் வாங்கிப் பொருத்திய அலாரங்கள் பலவற்றில், ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரை நடுவில் அறுத்து ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், சேர்த்திருப்பார்கள். இக்னிஷன் வயரிலும் பெட்ரோல் பம்ப் வயரிலும் சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இது தெரியாமல் அலாரத்தைத் துண்டித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதைவிட மோசம், பம்ப் வயரில் போட்ட இணைப்பு தளர்ந்து கிடப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். அதனால் முதல் வேலை, அந்த அலாரம் காரோடு வந்ததா, பின்னால் சேர்த்ததா என்று பார்ப்பது. டேஷ்போர்டுக்கு அடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர்களும் தனியே ஒரு பெட்டியும் தெரிந்தால் பெரும்பாலும் பின்னால் சேர்த்ததுதான். அங்கே மஞ்சள் உறை போட்ட வயரோ கனெக்டரோ இருந்தால் தொட வேண்டாம், பெரும்பாலான வண்டிகளில் அது ஏர்பேக்குடையது.

அப்புறம் பேட்டரி. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் விட்டு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் சந்தேகத்தை முதலில் அங்கே வையுங்கள். கதவு திறந்தால் உள்விளக்கு எரியும், எரிந்தால் வோல்டேஜ் லேசாகச் சரியும். சில அலாரங்கள் அந்தச் சரிவைத்தான் கவனிக்கின்றன. வலு குறைந்த பேட்டரியும் தானாகவே அப்படிச் சரியும்போது, யாரோ கதவைத் திறந்துவிட்டதாக எண்ணி அலாரம் கத்துகிறது. பச்சை பூத்த டெர்மினலும் இதே வேலையைச் செய்யும்.

பேட்டரி வயரைக் கழற்றியும் சத்தம் ஓயவில்லையா? பயப்பட வேண்டாம். திருடன் பேட்டரியைத் துண்டித்தாலும் கத்தட்டும் என்று சில சைரன்களுக்குள்ளேயே சிறிய பேட்டரி வைத்திருப்பார்கள். வருடங்கள் ஆனதும் அது செத்து, கசிந்து, உள்ளே இருக்கும் போர்டை அரித்துவிடும். அப்போது எந்தக் காரணமும் இல்லாமல் சைரன் தானே அலறும். அதை மாற்றத்தான் வேண்டும்.

என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது பேனட் சுவிட்ச். ஒருவர் புது பேட்டரி போட்டார், ரிமோட் மாற்றினார், அதிர்வு சென்சாரையும் குறைத்து வைத்தார். ஆனாலும் விடியற்காலையில் மட்டும் அலாரம் கத்தியது. பகலில் வண்டி என்னிடம் நின்ற இரண்டு நாளும் ஒரு சத்தம் இல்லை. கடைசியில் பேனட்டைத் திறந்து, ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன சுவிட்சில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பேனட்டை மூடி அலாரத்தைப் போட்டேன். உடனே கத்தியது. பேனட் மூடியிருக்கும்போது அழுந்தி, திறந்தால் பாடியோடு தொட்டு எர்த் ஆகிற சுவிட்ச் அது. உள்ளே துரு. பனி இறங்கியதும் ஈரம் வழியாக எர்த் ஆகிவிடுகிறது. இவ்வளவுக்கும் அந்த மனிதர் இரண்டு பொருள்களுக்குச் செலவழித்துவிட்டு வந்திருந்தார். இந்த வகை சுவிட்ச் என்றால், வயரைக் கழற்றி நுனியை டேப் சுற்றி ஓரிரவு விட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். சில வண்டிகளில் இணைப்பு நேர்மாறாக இருக்கும், கழற்றினால்தான் கத்தும். எனவே முதலில் மேனுவலைப் பார்ப்பது நல்லது.

கதவு சுவிட்சுகளிலும் டிக்கி பூட்டிலும் இதே கோளாறு வரும். வண்டியைப் பூட்டிவிட்டு உள்விளக்கு முழுதாக அணைகிறதா என்று கண்ணாடி வழியே பாருங்கள். பல அலாரங்களில், ரிமோட்டால் அணைத்ததும் டேஷ்போர்டில் இருக்கும் சிறிய விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் கொண்டே எந்தப் பகுதி தூண்டியது என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணிக்கையின் பொருள் மாடலுக்கு மாடல் மாறும். லாரி போகும்போதும் இடி இடிக்கும்போதும் மட்டும் கத்தினால் அதிர்வு சென்சார்தான். அதில் இருக்கும் சிறு திருகைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

கோளாறு சரியானதும் பலர் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். நான் நிறுத்தி ஒன்று கேட்பேன்: "உங்களிடம் எத்தனை சாவி, எத்தனை ரிமோட் இருக்கிறது?" ஒன்றே ஒன்று என்றால், இன்னொன்று முந்தைய உரிமையாளரிடமோ அவரிடம் வேலை பார்த்தவரிடமோ இருக்கலாம். அது இன்னும் உங்கள் வண்டியைத் திறக்கும். புதிய ரிமோட்டைப் பதிவு செய்யும்போது பழையவற்றை அழித்துவிடச் சொல்லுங்கள். சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அது அலாரம் ரிமோட்டிலிருந்து வேறு. கையில் இல்லாத சாவிகளின் பதிவையும் தனியே நீக்க வேண்டும்.