எண்ணெய்க் குதத்தில் வௌவால் குடியேறுமா?

திருகோணமலைச் சீனக்குடாவில் காடு மூடிக் கிடக்கும் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய உருக்குத் தொட்டிகளை, வௌவாலுக்கும் ஆந்தைக்கும் விட்டுவிட்டால் என்ன என்று மூதூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். கூகைக்குச் சிக்கல் இல்லை. இருட்டான மூலையும் முட்டையிட ஒரு தட்டும் போதும். வௌவால் விஷயம் வேறு. உருக்குத் தகடு நம் ஊர் வெயிலில் அடுப்பாகிவிடும். வழவழப்பான கூரையில் பிடியும் கிடைக்காது.

தலைகீழாகத் தொங்குவதால் வௌவாலுக்குக் கால் வலிக்காதா? இல்லை. காரணம் அதன் விரல் தசைநாண். அதன் கீழ்ப்பக்கம் முழுக்க நுண்ணிய முடிச்சுகள். அதை மூடியிருக்கும் உறையின் உட்புறத்தில் வரிவரியான மடிப்புகள். நகம் ஏதாவதொன்றைப் பற்றியதும் உடல் எடை தசைநாணை இழுக்கிறது. முடிச்சுகள் மடிப்புகளுக்குள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி பல்லில் பல்லாக மாட்டிக்கொள்வதைப் போலத்தான். ஆனால் இது கழற்றக்கூடியது: உடலைச் சற்று உயர்த்தினால் பூட்டு விடுபடும். தொங்குவதற்குத் தசைச் சக்தி ஏறக்குறைய தேவையே இல்லை. செத்த வௌவால்கூட விழாமல் தொங்கிக்கொண்டிருப்பதுண்டு! எனக்கு இந்தப் பூட்டு என்றால் ஒரு தனி மோகம்.

பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நகம் மாட்டச் சொரசொரப்பு வேண்டுமே. ஆகவே குதங்களை விட, போர்க்காலத்து பீரங்கித் தளங்களின் தடித்த கொங்கிரீட் அறைகளே என் தேர்வு. வெளியே கொதித்தாலும் உள்ளே வெப்பம் மெல்லத்தான் ஏறும். பூசிய கூரையாக இருந்தால் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டுவிடலாம். வாசலை அடைக்கக் கூடாது. ஆள் நுழையாதபடி கிடைக்கம்பிகள், இடையே சுமார் 15 சென்டிமீட்டர். இன்றைய போலந்தில் 1930களில் ஜெர்மானியர் கட்டிய நிலத்தடி அரண்களில் இப்போது பல்லாயிரம் வௌவால்கள் குளிர்காலம் கழிக்கின்றன. நம்முடையவை அப்படி மாதக்கணக்கில் உறங்குவதில்லை, எனவே அந்தக் குளிர் நமக்குத் தேவையில்லை. இருட்டும் ஈரப்பதமும் அமைதியும் போதும்.

சரி, வௌவால் வீட்டுக்குள் வந்தால் தரித்திரம் என்பார்களே? அது வெறும் கதை. உண்மையில் பயப்பட வேண்டியது எச்சத் தூசிக்குத்தான். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கலாம், முகக்கவசம் இல்லாமல் கூட்டக் கூடாது. வௌவாலை வெறுங்கையால் தொடவும் கூடாது. அந்த எச்சத்திலுள்ள மரபணுவைப் படித்தால், கந்தளாய் வயல்களில் இவை எந்தப் பூச்சிகளைத் தின்கின்றன என்றே கண்டுபிடிக்கலாம். யானைக்கும் திமிங்கிலத்துக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு துளி இதற்கும் வந்தால் என்ன? குறைந்தபட்சம், சுற்றுலாவுக்கென்று அந்தப் பீரங்கித் தளங்களுக்கு வெள்ளையடித்து விளக்குப் போடுமுன் ஓர் அறையையாவது இருட்டாகவே விட்டு வையுங்கள்.