புதுக் காயில் கட்டிய மோட்டார் ஏன் கொதிக்கிறது?

பெங்களூரில் கோடை வந்தால் அல்சூர், விவேக்நகர் பக்கம் நம் ஆட்களின் வீடுகளில் தரைத்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும் சம்ப் மோட்டார் எரிவது வாடிக்கை. வைண்டிங் கடைக்குப் போய், புதுச் செம்புக் கம்பிச் சுருளோடு, அதாவது காயிலோடு, வார்னிஷ் மணக்கத் திரும்பி வரும். அடுத்த மாதமே புகாரும் வரும்: "அண்ணா, முன்ன மாதிரி இல்ல. கொஞ்ச நேரம் ஓடினாலே கை வைக்க முடியல." எல்லோரும் கம்பியைத்தான் சந்தேகிப்பார்கள். நான் இரும்பைப் பார்ப்பேன்.

காயிலைத் தாங்கும் அசையாத பாகமான ஸ்டேட்டர் ஒரே கட்டி இரும்பு போலத் தெரியும். உண்மையில் அரை மில்லிமீட்டர் அளவிலான சிலிக்கான் எஃகுத் தகடுகளின் அடுக்கு; கடையில் 'ஸ்டாம்பிங்' என்பார்கள். தகட்டுக்குத் தகடு மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. காயிலின் காந்தப்புலம் விநாடிக்கு 50 சுழற்சி மாறும்போது இரும்புக்குள்ளும் மின்சாரம் தூண்டப்பட்டு வட்டமடிக்கும். ஃபூக்கோ 1855இல் கண்டறிந்த சுழல் மின்னோட்டம் இதுதான். தண்ணீரை ஏற்றாது, சூடாகியே தீரும். தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் இந்த இழப்பு கால்வாசியாகும். அதனால்தான் இவ்வளவு மெனக்கெட்டு அடுக்குகிறார்கள்.

சில கடைகளில் பழைய கம்பியைச் சீக்கிரம் உருவ, ஸ்டேட்டரையே நெருப்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள். கம்பி கழன்றுவிடும், கூடவே பூச்சும் கருகிவிடும். நடுவில் சுழலும் ரோட்டர் உரசுகிறதென்று உள்ளே அரம் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். பிசிறு பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொள்ளும். இரண்டிலுமே தகடுகள் ஒன்றாகி, கட்டி இரும்பு போலச் சூடேறும். அப்புறம் எவ்வளவு உயர்ந்த கம்பி கட்டியும் பயனில்லை.

அடுப்படியில் இதே சூடுதான் சோறு பொங்குகிறது. இண்டக்‌ஷன் அடுப்பு காந்தப்புலத்தை விநாடிக்கு 20,000 முறைக்கு மேல் மாற்றிப் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. சாதாரண அலுமினியக் குக்கரில் மின்தடை குறைவு, காந்தமும் ஒட்டாது, வேலைக்கு ஆகாது. பாத்திரக் கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தோடு போங்கள், அடியில் ஒட்டுகிறதா பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்டபின் இந்த அடுப்பை வாங்குங்கள். பழைய மின்மீட்டரில் அலுமினியத் தட்டைச் சுழற்றியதும், தறிகெட்டு ஓடாமல் பிடித்ததும் இதே மின்னோட்டம்தான்.

மோட்டாருக்கு வருகிறேன். பழைய கம்பியை எப்படி எடுப்பீர்கள் என்று கொடுக்கும்போதே கேளுங்கள். கடைச் சூளையில் வைத்து எடுத்தால் இரும்பின் வெப்பம் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை மாட்டுமுன் கடையிலேயே வெறுமனே ஓடவிடச் சொல்லுங்கள். காயிலின் சுற்று எண்ணிக்கை, வோல்டேஜ், பேரிங் எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் உடம்பு கொதித்தால் கோர், அதாவது அந்தத் தகட்டு அடுக்கு, போய்விட்டதென்றே நான் எடுத்துக்கொள்வேன். சின்ன மோட்டாருக்கு அதற்குமேல் காயில் கட்டுவது தண்டச் செலவு, புதிதே வாங்கிவிடுங்கள்.